புகை விடும் மலையில் ஒரு பகல்



சிங்கப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணம். அப்புறம் மலைப்பாதையில் சில மணி நேரம் பேருந்து. மறுநாள் விடியுமுன் ஏறத் தொடங்கினால், ஓர் எரிமலையின் வாய்க்குள்ளேயே நின்று சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு அடிவாரத்துக்கு இறங்கி வந்துவிடலாம். நம்புவீர்களா? சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் நண்பர் ஒருவரும் போய் வந்தோம். இந்த மாதம் அந்தக் கதைதான்.

நண்பரும் நானும் ஒரே தோட்டத்துப் பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்து படித்தவர்கள். அவருடைய தகப்பனார் பால்மரம் வெட்டினார். என் தகப்பனாருக்கு ஸ்டோரில் வேலை. தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, வீடமைப்புத் திட்டம் வந்த ஆண்டில் அவர்கள் குடும்பம் ஜொகூர் பாருவுக்குப் போயிற்று. வயது வந்ததும் அவர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சேர்ந்தார். இப்போது மனைவி மக்களோடு கேலாங்கில் ஒரு வீவக அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். இத்தனை வயதுக்கு மேலும் எனக்கு அவர் "டேய்"தான். அவருக்கு நான் "வாத்தியாரே"தான்.

சிங்கப்பூர் என்றால் நம்மவர்களுக்குத் தேக்கா. மாலை வாங்க, சேலை எடுக்க, தோசை சாப்பிட எல்லாம் அங்கேதான். கேலாங் வேறு மாதிரி. ஒரு பக்கம் ஒற்றைப்படை லோரோங், மறுபக்கம் இரட்டைப்படை லோரோங், நடுவே நீளமான சாலை. பெயரைக் கேட்டதும் டுரியான் கடைகள் நினைவுக்கு வரும். வேறு சிலவும் வரும். அவற்றைக் குடும்பப் பத்திரிகையில் பேச வேண்டாம். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே 'கேலாங் செராய்' என்று ஒரு பகுதி. செராய் என்றால் என்ன? நம் வீட்டுப் பெண்கள் குழம்பில் தட்டிப் போடுகிறார்களே, அந்த எலுமிச்சைப் புல். 19-ஆம் நூற்றாண்டில் அந்தப் புல்லைப் பயிர் செய்த தோட்டம் அங்கே இருந்தது. அதன் பெயர்தான் ஊர்ப் பெயராக நின்றுவிட்டது. இன்றைக்கு மாடிமேல் மாடியாக நிற்கும் இடமும் ஒரு காலத்தில் தோட்டந்தான்!

எரிமலைக்குப் போகும் எண்ணம் நண்பருக்கு எப்படி வந்தது? அவருடைய பாட்டி சொன்ன ஒரு கதையால் வந்தது.

நண்பருடைய பூட்டனார், அதாவது தாத்தாவின் தகப்பனார், மலாயாவுக்கு வருமுன் 'டெல்லியில்' மாட்டு வண்டி ஓட்டினார் என்று பாட்டி சொல்லுவாராம். "டெல்லியிலே புகையிலைத் தோட்டம், டெல்லியிலே வெள்ளைக்காரன், டெல்லியிலே பிரம்படி" என்று கதை கதையாகச் சொல்லுவாராம். அதோடு, அங்கிருந்து படகேறினால் மறுநாள் பினாங்கு என்றும் சொல்லுவாராம். இந்தியத் தலைநகரிலிருந்து ஒரே நாளில் பினாங்குக்குப் படகா? சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பல ஆண்டுகள் கழித்துக் கப்பல் பட்டறையில் கூட வேலை செய்த சுமத்ராக்காரர் ஒருவர் தம் ஊரைப் பற்றிப் பேசும்போது, "மேடானைச் சுற்றியுள்ள சீமைக்குப் பழைய பெயர் டெலி" என்றார். நண்பருக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லையாம். பாட்டி சொன்னது டெல்லி இல்லை, டெலி!

டெலியைப் பற்றித் தோட்டத்துப் பிள்ளைகள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். 1863-இல் நியன்ஹைஸ் என்ற டச்சுக்காரர் அங்கே போய்ப் புகையிலை பயிரிட்டார். சுருட்டின் மேலே சுற்றுகிற மெல்லிய இலைக்கு டெலிப் புகையிலையை மிஞ்ச வேறில்லை என்று ஐரோப்பாவே கொண்டாடியது. காடுகளை அழித்துத் தோட்டம் தோட்டமாகப் போட்டார்கள். புகையிலை நட்டுப் பராமரிக்கச் சீனர், பிறகு ஜாவாக்காரர், சாலை போட, வாய்க்கால் வெட்ட, மாட்டு வண்டி ஓட்டத் தமிழர். நம்மவர்கள் பெரும்பாலும் பினாங்கு வழியாகவே அங்கே போய்ச் சேர்ந்தார்கள். 1880-இல் டச்சு அரசு ஒரு கூலிச் சட்டம் கொண்டுவந்தது. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன் வேலையை விட்டு ஓடினால் அது குற்றம், சிறையில் போடலாம். 1902-இல் மேடானில் வக்கீலாக இருந்த வான் டென் பிராண்ட் என்பவர் அங்கே நடந்த கொடுமைகளை ஒரு சிறு நூலாக எழுதிவிட, ஹாலந்து நாட்டில் பெரிய கூச்சல் எழுந்தது. அப்படியும் அந்தத் தண்டனைச் சட்டம் 1930-களில்தான் படிப்படியாக விலகிற்று. பாட்டி சொன்ன பிரம்படிக் கதை வீண் கதை அல்ல.

"பூட்டன் பார்த்த மலையை நானும் பார்க்கணும், வாத்தியாரே. வண்டி ஓட்டினவரு தினம் அந்த மலையைப் பார்த்துக்கிட்டுத்தானே ஓட்டியிருப்பாரு?" என்றார் நண்பர். மேடான் சமவெளியிலிருந்து தெற்கே பார்த்தால் தெரிகிற மலைத்தொடரில் சிபாயாக் என்ற எரிமலை இருக்கிறது. அதில்தான் ஏறுவதென்று முடிவாயிற்று.

ஏறுவதற்கு முன் கால்களைப் பழக்க வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை புக்கிட் தீமாவுக்குப் போனோம். சிங்கப்பூரிலேயே உயரமான இடம் அதுதான். உயரம் 163 மீட்டர். நம் தோட்டத்து மேட்டுக் காட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குன்றைத் தாங்கி நிற்பது கருங்கல். அதுவும் நெருப்புக் குழம்பில் பிறந்த கல்தான். 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பூமிக்கடியில் பொங்கிய குழம்பு, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மெல்ல மெல்ல ஆறி உறைந்தது. மேலே இருந்த மண்ணும் பாறையும் கரைந்து போன பிறகு இப்போது தலை காட்டுகிறது. உளூபின் தீவிலும் அதே இனத்துக் கல்தான். 1924-இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்துக்கு அங்கிருந்துதான் கல் போயிற்று. ஆகவே பாலத்தில் பேருந்து நெரிசலில் நிற்கும்போது ஆறிப்போன நெருப்பின் மேல் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்ளலாம். நெரிசல் குறையாது, பொழுது போகும்.

ஆறாத நெருப்பு ஏன் சுமத்ராவில் இருக்கிறது, நம் பக்கம் ஏன் இல்லை? வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல, பல பாளங்கள். இந்துமாக்கடலின் அடியிலுள்ள பாளம் ஆண்டுக்குச் சுமார் 5 செண்டிமீட்டர் வீதம் நகர்ந்து வந்து சுமத்ராவுக்குக் கீழே நுழைகிறது. ஆழத்தில் போனதும் அதிலுள்ள நீர் வெளிப்பட்டு, மேலிருக்கும் சூடான பாறையை உருகச் செய்கிறது. உருகியது மேலே வர வழி தேடுகிறது. அந்த வழிகள்தான் சுமத்ராவின் மேற்குப் பக்கம் நெடுக வரிசையாக நிற்கும் எரிமலைகள். நாம் அந்த வரிசைக்குத் தள்ளி இருக்கிறோம். அதற்காக நம் நாட்டில் எரிமலையே இருந்ததில்லை என்று நினைக்க வேண்டாம். ஜொகூரில் சிகாமட் பக்கமும், பகாங்கில் குவாந்தான் பக்கமும், சபாவில் தாவாவ் பக்கமும் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த பாறைகள் உண்டு. சிகாமட் பக்கத்து வாசகர்களே, உங்கள் மண் ஏன் அப்படிச் சிவந்திருக்கிறது என்று இனிமேல் யாராவது கேட்டால் பதில் சொல்லுங்கள்.

விமானம் குவாலாநாமுவில் இறங்கியபோது கீழே எங்கே பார்த்தாலும் செம்பனை. "இதுக்காடா பாஸ்போர்ட் எடுத்து வந்தோம், நம்ம தோட்டத்துக்கே வந்த மாதிரி இருக்கே" என்றேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் தோட்டத்துச் செம்பனைதான் அங்கிருந்து வந்தது. 1848-இல் ஜாவாவிலுள்ள போகோர் தாவரத் தோட்டத்தில் நான்கே நான்கு செம்பனைக் கன்றுகளை நட்டார்கள். அவற்றின் வழிவந்த மரங்களை டெலிப் புகையிலைத் தோட்டங்களில் அழகுக்காக வரிசையாக வைத்தார்கள். 1911-இல் ஹாலே என்ற பெல்ஜியக்காரர் சுமத்ராவில் அதைப் பெரிய அளவில் தோட்டமாகவே போட்டார். 1917-இல் சிலாங்கூரில் தென்னமரம் தோட்டம் வந்தது. நர்சரியில் இன்றைக்கும் தாய் மர இனத்துக்கு 'டெலி டூரா' என்றுதான் பெயர். குலை அறுக்கும் அண்ணன்மார்கள் தினந்தோறும் டெலியின் பேரப்பிள்ளைகளைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள்.

மேடானிலிருந்து பெராஸ்தாகி சுமார் 65 கிலோமீட்டர். வளைந்து வளைந்து ஏறும் பாதை. ஊர் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கேமரன் மலை போலக் குளிர். முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, கேரட், தக்காளி என்று பார்க்கும் இடமெல்லாம் காய்கறித் தோட்டம். டச்சுக்காரர் காலத்திலேயே இங்கிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் காய்கறி கப்பலேறியிருக்கிறது. மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கறுப்பாக, பொலபொலவென்று, ஆயக்கொட்டகைப் பிள்ளைகளுக்குப் பிசையும் சத்து மாவு போல இருந்தது. எரிமலைச் சாம்பல் விழுந்து, மட்கி, மண்ணாகி, அதன் மேல் மறுபடி சாம்பல் விழுந்து உண்டான மண். பயிருக்கு வேண்டிய பல சத்துகள் பாறைத் தூளிலேயே கிடைக்கின்றன. நம் தீபகற்பத்து மண்ணோ பெரும்பாலும் கோடிக்கணக்கான ஆண்டு மழையில் கழுவப்பட்டுச் சத்திழந்த கிழட்டு மண். அதனால்தான் மூட்டை மூட்டையாக உரம் தூக்குகிறோம்.

மறுநாள் அதிகாலை மூன்றரை மணிக்குக் கைவிளக்கோடு புறப்பட்டோம். உள்ளூர் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வந்தார். வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பது வீண் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சிபாயாக் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரந்தான், ஏறுவதும் கடினமில்லை, ஆனால் மஞ்சு இறங்கினால் பத்தடி தூரம் தெரியாது. தனியாகப் போய் வழி தவறியவர்கள் உண்டு.

முதலில் பிளந்து கிடக்கும் பழைய தார்ச்சாலை. பிறகு படிகள். பிறகு வேரும் கல்லுமான ஒற்றையடிப் பாதை. கப்பல் பட்டறையில் இரும்பு ஏணி ஏறிப் பழகிய நண்பர் முன்னே போனார். கரும்பலகைக்கு முன்னால் நின்றே வயதைக் கழித்த நான் பின்னே போனேன். ஒரு மணி நேரத்தில் மரங்கள் குட்டையாகிப் புதராயின. அப்புறம் புதரும் இல்லை. காற்றில் அழுகிய முட்டை நாற்றம் வந்தது. அதோடு ஓர் இரைச்சல். விமானம் எங்கோ புறப்படுகிறது என்று நினைத்தேன். வழிகாட்டி கையை நீட்டிக் காட்டினார்: "அதுதான் மலை மூச்சு விடுகிற சத்தம்."

விடிந்தபோது நாங்கள் நின்ற இடம் ஒரு பெரிய உடைந்த சட்டியின் உள்பக்கம் போல இருந்தது. சுற்றிலும் சாம்பல் நிறப் பாறைச் சுவர். அதில் அங்கங்கே துளைகள். ஒவ்வொரு துளையிலிருந்தும் வெள்ளை ஆவி சீறி வருகிறது. துளையின் விளிம்பில் பச்சை மஞ்சளாகக் கந்தகம் பூத்திருக்கிறது. முன்பெல்லாம் ஊர்க்காரர்கள் அதைச் சுரண்டி எடுத்து விற்பார்களாம். துணியை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு ஐந்தாறு அடி தூரத்திலிருந்து பார்த்தோம். அதற்கு மேல் கிட்டப் போகவில்லை. எரிமலைக் காற்றில் கண்ணுக்குத் தெரியாத நஞ்சும் உண்டு. ஜாவாவில் டியெங் மேட்டு நிலத்தில் 1979-இல் சத்தமில்லாமல் தரையோடு தவழ்ந்து வந்த வாயு 140 பேருக்கு மேல் உயிரை வாங்கியது. மேற்குச் சுமத்ராவில் மராப்பி மலை 2023 டிசம்பரில் திடீரென்று வெடித்தபோது, எங்களைப் போலவே வேடிக்கை பார்க்க ஏறியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆகவே எந்த எரிமலைக்குப் போனாலும் புறப்படும் முன் அரசு அறிவிப்பைப் பார்க்க வேண்டும். இந்தோனேசியாவில் நான்கு நிலைகளாக அறிவிப்பார்கள். நான்காவதற்கு 'ஆவாஸ்' என்று பெயர். நம் தோட்டத்து மின்கம்பத்தில் மண்டையோடு படம் போட்டு எழுதியிருக்கிற அதே ஆவாஸ்.

சிபாயாக் கடைசியாகக் குமுறியது 1881-இல். அப்போது டெலியில் புகையிலைத் தோட்டங்கள் இருந்தன. தமிழ் வண்டிக்காரர்களும் இருந்திருப்பார்கள்.

மேற்கே திரும்பினால் இன்னொரு மலை தெரிந்தது. கூம்பாக, பார்க்க அழகாக, உச்சி மட்டும் கடித்துத் துப்பியது போல. அதுதான் சினாபுங். 2,460 மீட்டர். சுமார் 400 ஆண்டுகள் சும்மா இருந்தது. இனி என்ன செய்யப் போகிறது என்று அதிகாரிகளும் அதை நெருங்கிக் கண்காணிக்கவில்லை. 2010 ஆகஸ்டில் விழித்துக்கொண்டது. 2013-இல் மறுபடி தொடங்கியது ஆண்டுக்கணக்கில் ஓயவில்லை. 2014 பிப்ரவரி முதல் நாள் சூடான சாம்பல் மேகம் மலைச்சரிவில் உருண்டு வந்து பதினைந்துக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டுக் கொன்றது. 2016 மே மாதத்தில் இன்னும் 7 பேர். 2018-இல் உச்சியே பெயர்ந்து போயிற்று. மூன்று கிராமங்களை அடியோடு காலி செய்து சியோசார் என்ற இடத்தில் காட்டைத் திருத்திப் புது ஊர் கட்டிக் கொடுத்தார்கள். 2016-இல் இறந்தவர்கள் தடை செய்த வட்டத்துக்குள் இருந்தவர்கள். எதற்காக அங்கே இருந்தார்கள் தெரியுமா? பயிரைப் பார்க்க.

"தடுத்தும் ஏன் போறாங்க?" என்று நண்பர் கேட்டார். வழிகாட்டி உடனே பதில் சொல்லவில்லை. தம் உறவினர் சிலரும் அப்படிப் போனவர்கள்தான் என்றார். வாடகை வீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது, கடனுக்கு வாங்கிய விதையும் உரமும் மண்ணில் கிடக்கும்போது? நண்பர் தலையை ஆட்டினார். லயத்தை இடித்து வருடம் பத்தான பிறகும் அவருடைய தகப்பனார் ஜொகூர் பாருவிலிருந்து பேருந்தேறி வந்து, பழைய வீட்டுக் கொல்லையில் தாம் வைத்த முருங்கை மரம் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டுப் போவார். எனக்கே தெரியும், நான்தான் தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்புவேன். அந்தக் கிராமத்தாருக்காவது நெருப்பு ஒரு காரணம்.

பேச்சு வளர்ந்து ஊர், பெயர், குலம் என்று போயிற்று. இந்த மலைப்பகுதி மக்கள் காரோ இனத்தவர். அவர்களுக்கு ஐந்து பெருங்குலங்கள். அதில் ஒன்று செம்பிரிங். வழிகாட்டி அந்தக் குலம். "உட்கிளை என்ன?" என்று கேட்டேன்.

"பாண்டியா" என்றார்.

நண்பர் என்னைப் பார்த்தார். நான் நண்பரைப் பார்த்தேன். நான் புத்தகத்தில் படித்திருந்ததுதான். ஆனாலும் மலை உச்சியில் ஒரு காரோ இளைஞன் வாயிலிருந்து கேட்கும்போது உடம்பு சிலிர்த்தது. செம்பிரிங் குலத்தில் சோலியா, பாண்டியா, பெலாவி, பிரமானா, கெலிங் என்றெல்லாம் கிளைகள் உண்டு. சோழர், பாண்டியர், பல்லவர், பிராமணர், கலிங்கர்! காரோ மொழியில் 'பிரிங்' என்பது கறுப்பைக் குறிக்கும். அந்தக் குலத்துச் சில கிளைகளில் முற்காலத்தில் இறந்தவர்களை எரித்துச் சாம்பலைச் சிறு படகில் வைத்து ஆற்றில் விடும் சடங்கும் இருந்தது. தென்னிந்திய வணிகர்கள் கரையிலிருந்து மலையேறி வந்து இவர்களோடு கலந்துவிட்டார்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

வணிகர் வந்ததற்குக் கல்லே சாட்சி இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற பழைய துறைமுகம். கற்பூரத்துக்குப் பேர்போன ஊர். அதன் அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873-இல் ஒரு கல்வெட்டு கிடைத்தது. எழுத்து தமிழ், மொழி தமிழ், ஆண்டு கி.பி. 1088. திசை ஆயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகர் குழு வைத்தது. கப்பலில் வருகிறவர்கள் எவ்வளவு வரி கட்டிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று கணக்காக வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கல் இப்போது ஜக்கார்த்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேடானுக்கு அருகிலேயே கோத்தா சினா என்ற இடத்திலும் தென்னிந்திய வேலைப்பாடுள்ள சிலைகள் கிடைத்துள்ளன.

இதையெல்லாம் நான் வகுப்பெடுப்பது போல நீட்டிக்கொண்டிருக்க, நண்பர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "செட்டியாருங்க கல்லு வெட்டி வெச்சாங்க. ராசா பேரு குலப்பேரா நிக்குது. எங்க பூட்டன் மாதிரி ஆளுங்க வண்டி ஓட்டினதுக்கு என்ன இருக்கு, வாத்தியாரே?"

"நேத்து நாம வந்த ரோடு இருக்குடா" என்றேன்.

அவர் பேசவில்லை. வடக்கே மஞ்சு விலகி, கீழே வெகு தூரத்தில் சமவெளி தெரிந்தது. அதில் எந்த மூலையில் அந்த வண்டி ஓடியதோ!

எரிமலை வாயின் அடித்தளம் தட்டையாகக் காய்ந்து கிடக்கிறது. ஏறி வருகிறவர்கள் அங்கே கிடக்கும் கற்களைப் பொறுக்கி அடுக்கித் தங்கள் பெயரை எழுதிவிட்டுப் போகிறார்கள். மேலிருந்து பார்த்தால் தரை முழுதும் பெயர்கள். எனக்கு அந்த வழக்கம் பிடிக்கவில்லை; மலையை மலையாக விட்டுவிட்டு வர வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் நண்பர் இறங்கிப் போய்க் குனிந்து கல் பொறுக்கத் தொடங்கியபோது நான் தடுக்கவில்லை. தமிழில் எழுதினார். பூட்டனார் பெயரில் முதல் எழுத்து முடிந்தது. இரண்டாவது எழுத்துக்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் மஞ்சு வந்து மூடிவிட்டது. வழிகாட்டி இனி நிற்கக் கூடாது என்று கையைப் பிடித்து இழுத்தார். ஒன்றரை எழுத்தோடு இறங்கினோம்.

இறக்கம் முழங்காலைத்தான் பதம் பார்க்கும். வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் உச்சிக்கு ஆசைப்படாமல் அடிவாரத்தில் வெந்நீர் ஊற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மலைச் சூட்டில் காய்ந்த நீரைத் தொட்டி கட்டி விட்டிருக்கிறார்கள். நாங்களும் கழுத்தளவு நீரில் ஒரு மணி நேரம் கிடந்தோம். பக்கத்திலேயே மலைச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், வழுக்காத காலணி, கைவிளக்கு, கொஞ்சம் ரொட்டி, நிறைய தண்ணீர்: இவ்வளவு போதும். பெராஸ்தாகியில் பாஸிப்பழம் வாங்காமல் வராதீர்கள். அங்கே 'மார்க்கிசா' என்று கேட்க வேண்டும்.

மறுநாள் விமானம் மாலையில். காலையில் மேடானில் கம்போங் மெட்ராஸ் என்ற பகுதிக்குப் போனோம். முன்பு அதற்குக் கம்போங் கெலிங் என்று பெயர். அங்கே 1884-இல் எழுப்பிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் இருக்கிறது. தோட்டக் காலத்துத் தமிழர்கள் விட்டுச்சென்ற அடையாளம் அது. அர்ச்சனை முடிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது ஒரு பெரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தமிழும் இந்தோனேசிய மொழியுமாகக் கலந்து பேசினார். அவருக்குத் தெரிந்த தமிழ் நம் பாட்டிமார் தமிழ். பேரப்பிள்ளைகளுக்கு அதுவும் வராது என்றார். நண்பர் தம் பூட்டனார் இங்கே வண்டி ஓட்டியவர் என்று சொன்னதும், "எந்தத் தோட்டம்?" என்று கேட்டார்.

"தெரியாதுங்க ஐயா."

"எந்தத் துரை?"

"அதுவும் தெரியாதுங்க."

"பேரு?"

நண்பர் சொன்னார். பெரியவர் அந்தப் பெயரை இரண்டு தடவை தமக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். கண்ணை மூடி யோசித்தார். பிறகு மெல்லத் தலையை ஆட்டிவிட்டு, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்றோம். எங்கள் இருவரையும் எழுப்பி, தெருமுனைக் கடைக்குக் கூட்டிப் போனார்.